அயோவா மக்காச்சோளக் காட்டில் மான் வேட்டை

அமெரிக்காவின் அயோவா மாநிலம் மக்காச்சோளத்துக்கும் சோயாமொச்சைக்கும் பெயர் போனது. அங்கும் விவசாயிகளுக்கு மான் தொல்லை உண்டு. வெண்வால் மான் என்பார்கள். சோயா முளைத்து நாலு இலை விடும்போதே கொழுந்தைக் கடித்துவிடும். மக்காச்சோளத்தில் பால் பிடித்த கதிரின் நுனியைத் தின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். மரத்தோப்பை ஒட்டிய வரிசைகளுக்குத்தான் சேதம் அதிகம்.

1900 வாக்கில் அந்த மாநிலத்தில் மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. குடியேறியவர்கள் கணக்கில்லாமல் சுட்டதே காரணம். பிறகு வேட்டையைத் தடுத்துப் பாதுகாத்தார்கள். மானைத் தின்னும் ஓநாய்கள் முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. தீனியோ ஏக்கர் ஏக்கராகக் கிடந்தது. மான் பெருகியதால் 1953-ல் மறுபடி வேட்டைக்கு அனுமதி தந்தார்கள். சமீப ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் மான்கள் சுடப்படுகின்றன.

எந்தத் துப்பாக்கியால் சுடுவது என்பதற்கும் அங்கே சட்டம் உண்டு. நிலம் சமவெளி, வயலுக்கு நடுவே ஆங்காங்கே வீடுகளும் மாட்டுக் கொட்டகைகளும். குறி தப்பிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். அதனால் நெடுங்காலம் பெரும்பாலும் ஷாட்கன்னுக்கே அனுமதி இருந்தது. 2017 முதல் சில வகை ரைஃபிள்களும் சேர்ந்தன. ஷாட்கன்னில் வழக்கமாகப் போடும் சிறு ஈயக் குண்டுகள் மானைக் காயப்படுத்தி ஓடவிடும். ஆகவே 'ஸ்லக்' என்னும் ஒற்றை ஈயக் குண்டைப் போடுகிறார்கள்.

குழலின் அளவுக்கு 'கேஜ்' என்று பெயர். அந்தக் குழலுக்குள் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் கேஜ் எண். எனவே எண் கூடினால் குழல் சிறியது. 12 கேஜ் குண்டு 28 கிராம் அளவில் இருக்கும். 20 கேஜ் குண்டு 20 கிராம் அளவுதான். தோளில் உதைப்பும் குறைவு. பெண்களும் வேட்டை பழகும் பிள்ளைகளும் 20 கேஜை விரும்புவது அதனால்தான். உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு பெரிய துப்பாக்கியால் சுடுவதைவிட இது எவ்வளவோ மேல். வழவழப்பான குழலில் 70 மீட்டருக்குள் சுட்டால் குறி நிற்கும். உள்ளே வரி வெட்டிய குழலில் அதற்கும் மேலே போகலாம்.

குறுந்தூரக் குண்டுதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. தரையில் பட்டுத் தெறித்தால் இந்தக் கனமான குண்டு வெகுதூரம் போகும் என்று பென்சில்வேனியா மாநிலத்துக்காக 2007-ல் நடந்த ஆய்வு எச்சரித்தது. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே விசையைத் தொடவேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஷாட்கன் பருவம் வருவது டிசம்பரில், அறுவடை முடிந்த பிறகு. சோயாக் கொழுந்து கடிபடுவதோ ஜூனில். ஆக, துப்பாக்கி அந்த வருஷப் பயிரைக் காப்பதில்லை. அடுத்த வருஷ மானைத்தான் குறைக்கிறது. அதற்கும் பெட்டை மானைச் சுடவேண்டும். வளர்ந்த பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கொம்புக்கு ஆசைப்பட்டு ஆண் மானை மட்டும் சுட்டால் விவசாயிக்குப் பலன் சொற்பம். ஆகவே பெட்டைக்குத் தனி உரிமங்களும், சேதம் மிகுந்த பண்ணைக்குச் சிறப்பு அனுமதியும் தருகிறார்கள். மிஞ்சும் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கவும் அரசுத் திட்டம் உள்ளது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரும் மானைச் சுடக்கூடாது. சேதமான வயலைப் படம் எடுத்து, தாமதிக்காமல் வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும்.