பூனை டூடுல் வரையத் தெரியும்... பூனைக்குட்டி சொல்றது புரியுமா?

ஒரு வட்டம். மேலே ரெண்டு முக்கோணம். பக்கத்துக்கு மூணு மீசைக் கோடு. நடுவில் வளைவாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், பூனை ரெடி! மீட்டிங் போரடித்தால் நோட்டு ஓரத்தில் பத்தே செகண்டில் வரைந்துவிடலாம்.

நானும் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்கூட்டருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியை அட்டைப்பெட்டியில் தூக்கிவந்தேன். என் டூடுல் பூனைகள் எல்லாம் சிரிக்கும். பெட்டிக்குள் இருந்ததோ சீறியது. “செம கோபக்காரப் பூனைடி, கீழேயே விட்டுடு” என்றாள் ரூம்மேட். அது கோபமில்லை, பயம் என்று புரிய எனக்கு மூன்று நாளும் ஒரு ஸ்கெட்ச் புக்கும் தேவைப்பட்டன.

சிரிக்கும் பூனை எங்கிருந்து வந்தது?

பூனைக்கு மனித முகம் கொடுத்து வரைந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து ஓவியர் லூயிஸ் வெய்ன் (1860-1939). அவரது மனைவி எமிலி புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தபோது, வீட்டுக்கு வந்த கறுப்பு வெள்ளைக் குட்டிதான் பீட்டர். மனைவியைச் சிரிக்க வைக்க பீட்டரை விதவிதமாக வரைய ஆரம்பித்தார். 1886-ல் பூனைக்குட்டிகளின் கிறிஸ்துமஸ் பார்ட்டியை அவர் வரைந்த படம் பத்திரிகையில் வெளியாகிப் பெரிய ஹிட். அதன்பின் 1887 ஜனவரியில் எமிலி இறந்துபோனார். வெய்ன் பூனைகளை விடவில்லை. போகப்போக அவை கோட் போட்டன, டீ குடித்தன, சீட்டாடின. 2021-ல் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிப்பில் இவர் கதை படமாகவும் வந்தது.

அந்தப் படங்கள் அழகுதான். ஆனால், நிஜப் பூனை மனசில் இருப்பதை வாயால் சிரித்துக் காட்டாது. காது, வால், கண், முதுகு... இந்த நாலில்தான் காட்டும். அதனால் வரையும்போது வாயை விட்டுவிட்டு இந்த நாலையும் கவனிங்க.

காது எந்தப் பக்கம்?

முக்கோணம் நிமிர்ந்து முன்னால் பார்த்தால் குட்டி ஆர்வமாக இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் எரிச்சல் அல்லது குழப்பம். தலையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் பயம். கூடவே சீறினால் ‘கிட்ட வராதே’ என்று அர்த்தம். அப்போது கையை நீட்டக் கூடாது.

வாலும் முதுகும் என்ன சொல்லும்?

வால் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றால் அது வணக்கம். குட்டிகள் தாயிடம் ஓடுவது இப்படித்தான். வால் முடி சிலிர்த்து, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆனால் மிரண்டிருக்கிறது. முதுகை வில்லாக வளைப்பது தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள. ஆனால் அதே வளைவோடு பக்கவாட்டில் குதித்துக் குதித்து வந்தால், பெரும்பாலும் விளையாட்டு!

கண்?

வெளிச்சம் குறைவு, பயம், உற்சாகம், எதுவானாலும் கண்மணி விரியும். கண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. பாதி மூடிய கண் நிம்மதியின் அடையாளம். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தபோது பூனைகளும் பதிலுக்கு அப்படியே செய்தன. முறைத்துப் பார்க்காமல் இதை முயற்சி பண்ணுங்க. என் குட்டி மூணாவது நாள் ராத்திரி பதில் சொன்னது.

குட்டி ஏன் கடிக்குது?

பெரும்பாலும் வேட்டைப் பயிற்சி. சுமார் 4 வாரத்தில் குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரள ஆரம்பிக்கும். அழுத்திக் கடித்தால் அண்ணன் தம்பி கத்தும், விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அதுதான். சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிக்கு அந்தப் பாடம் முழுசாகக் கிடைக்காது.

அதனால் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்ட வேண்டாம். கயிற்றில் துணி கட்டி ஆட்டுங்க. கடியோ பிராண்டலோ பட்டால் ‘குட்டிதானே’ என்று விடாதீங்க. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்க. பூனையிடமிருந்தும் ரேபிஸ் வரும்.

எத்தனை வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

குறைந்தது 8 வாரம் தாயோடு இருப்பது நல்லது. 2 முதல் 7 வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம். அப்போது தாயும் கூடவே இருந்து, மனிதர்களும் மென்மையாகத் தொட்டுப் பழகினால், பிற்பாடு மிரளாத பூனையாக வளரும்.

தெருவில் தனியாகக் கத்தும் குட்டியைப் பார்த்தால் உடனே தூக்காதீங்க. தாய் இரை தேடப் போயிருக்கலாம். அடிபட்டோ, ஆபத்தான இடத்திலோ இல்லாவிட்டால், சில மணி நேரம் தள்ளி நின்று கவனிங்க. தாய் வரவே இல்லை என்றால் மட்டும் எடுங்க. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்க.

இதெல்லாம் நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். குட்டியைத் தூக்கி வந்து ஒரு வாரம் கழித்து செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்: “ஒரு சாம்பல் பூனை ரெண்டு ராத்திரி அந்த ஸ்கூட்டரையே சுத்திச் சுத்தி வந்துச்சும்மா.” அதற்கப்புறம் தேடினேன். வரவில்லை.

குட்டி இப்போது வளர்ந்துவிட்டது. இன்னமும் விளையாட்டில் கொஞ்சம் அழுத்தித்தான் கடிக்கிறது. அது யார் தப்பு என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு நீங்களும் ஒரு பூனை டூடுல் போடுங்க. வாய் வேண்டாம். காதும் வாலும் போதும். எதிரே நிஜப் பூனை இருந்தால் அதைப் பார்த்தே போடுங்க. அடுத்த முறை ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டால், கை நீளும் முன்னாடி கண் பார்க்கும்.