வெந்நீர் வாவியில் விடப்பட்ட மீன்கள்

ஹங்கேரி நாட்டின் மேற்கே, பலட்டன் ஏரிக்கு அண்மையில் ஹேவிஸ் என்றொரு சிறுநகர் உண்டு. அங்குள்ள வாவி நிலத்தடியிலிருந்து ஊறும் வெந்நீரால் நிரம்புகின்றது. ஊற்றின் வாய் 38 மீற்றர் ஆழத்தில் இருக்கின்றது. வெளியே பனி கொட்டும் காலத்திலும் நீரின் வெப்பம் சுமார் 22 பாகை செல்சியஸ். மூட்டுவாதம் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் அங்கே நீராட வருகின்றனர்.

அந்த வெப்பமே வாவிக்கு வினையாயிற்று. குளிர் நாட்டு ஆறுகளில் யாரேனும் வீட்டு மீன்தொட்டியைக் கவிழ்த்தால், அடுத்த பனிக்காலத்தில் அநேகமான வெப்பநாட்டு மீன்கள் செத்துப்போகும். ஹேவிசில் அவை சாவதில்லை. ஆபிரிக்காவின் செந்நிறச் சிக்லிட், மத்திய அமெரிக்காவின் ஜகுவார் சிக்லிட் என்பன வாவியிலும் அதிலிருந்து செல்லும் வாய்க்காலிலும் பிடிபட்டுள்ளன. ஜகுவார் சிக்லிட் சிறுமீன்களைத் தின்று அரை மீற்றர் வரை வளரும். கடையில் வாங்கும்போது அது விரலளவுதான்!

இவற்றை விட்டவர்கள் கொடியவர்களாக இருக்க வேண்டியதில்லை. தொட்டி போதாமல் போகின்றது. பிள்ளைக்கு ஆசை தீர்ந்துவிடுகின்றது. தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் கடைசியில் தாயின் தலையில் விழுகின்றன. கொல்ல மனம் வராது. "பாவம், எங்காவது பிழைக்கட்டும்" என்று விடுகிறோம். அந்த இரக்கம் வாவியில் ஏற்கெனவே வாழும் சிறு கெண்டைகளின் முட்டையையும் குஞ்சையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிந்தே விடப்பட்ட மீனும் உண்டு. அமெரிக்காவின் நுளம்பு மீன், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்று உலகின் பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஹேவிசிலும் அது நிலைத்துவிட்டது. முட்டையிடாமல் குஞ்சு ஈனுவதால் வேகமாகப் பெருகும். பிற மீன்களின் குஞ்சுகளையும் தின்னும். 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை வளர்க்கவோ விற்கவோ விடவோ கூடாத இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்பதல்ல. அதே வாவியில் பூக்கும் சிவப்பு அல்லிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்டவை. இன்று ஊரின் அடையாளமே அவைதாம். ஆனால் அல்லி மற்றதன் குஞ்சைத் தின்பதில்லை.

எமது நாட்டில் எல்லா நீர்நிலையும் ஹேவிஸ் போன்றதே. பனிக்காலம் என்ற காவல் இங்கே கிடையாது. நுளம்புக்காகக் கிணற்றில் விட்ட கப்பி மீனும், மாரி வெள்ளத்தில் கிணறு வழிந்தால் வெளியே போய்விடும். தொட்டி மீன் வேண்டாமென்றால் விற்ற கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அல்லது வளர்க்கும் வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள். வாங்குமுன், அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று கடைக்காரரிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.