கிட்டங்கித் துறையிலிருந்து கல்லாறு வரை

வீடு திருக்கோவிலில், வாசலில் நின்றால் வங்காள விரிகுடாவின் இரைச்சல் காதில் விழும். அப்படியிருக்க, படகொன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கல்முனைப் பக்கத்து வாவிக்குப் புறப்படுகிறவனை ஊரார் என்னவென்று நினைப்பார்கள்? "ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் வாத்தியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று சந்தியில் சொல்லிக்கொண்டார்களாம். நான் மறுக்கவில்லை. மறுப்பதானால் என் இல்லாளின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலைப் பொழுதில் கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அன்று போயின. அவற்றுள் ஒன்று என் மாமியாருடையது. அக்காலத்தில் நான் வைத்திருந்த சிறு படகு வயல்வெளியொன்றில் கவிழ்ந்து கிடந்தது. அதை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பின் என் மனைவி கடலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சிறுமியாக இருந்த காலந்தொட்டுச் சித்திரவேலாயுதர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் தவறாமல் போய் வந்தவள், அதையும் விட்டுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "வாவியெண்டா நான் வருவன்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தானாகச் சொன்னாள். மறுவாரமே பழைய இழைக்கண்ணாடிப் படகொன்றைத் தேடத் தொடங்கினேன்.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை கிட்டங்கித் துறையில் படகை இறக்கினோம். கிட்டங்கி என்றால் பண்டகசாலை. இன்று அங்கே கிட்டங்கி எதையும் நான் காணவில்லை. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் தெருவும், இருபுறமும் நீரும், வீச்சுவலையோடு நிற்கும் சிலரும்தான் இருந்தார்கள். அவர்களுள் வயது முதிர்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எங்கள் இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"மகன், இஞ்ச கட்டுவலை கனக்கக் கிடக்கு. மெசினத் தூக்கிப்போட்டுக் கம்பால ஊண்டிப் போங்க. கச்சான் எழும்பமுந்தித் திரும்பிருங்க."

"சரி காக்கா" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "பயப்படாதீங்க மகள். உழுந்தாலும் கால் நிலத்தில முட்டும்" என்றார். அது உண்மைதான். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானதாயினும், ஆழம் அதிகமில்லாதது. பல இடங்களில் ஊன்றுகோல் தரையைத் தொட்டுவிடும்.

இந்த வாவி ஒருகாலத்தில் தெருவாக இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். கடற்பக்கம் எழுவான்கரை, ஞாயிறு எழும் கரை. மறுபக்கம் படுவான்கரை, ஞாயிறு படும் கரை. படுவான்கரை நெல்லையும் பாலையும் தந்தது. எழுவான்கரை தேங்காயையும் மீனையும் மருதமுனைத் துணியையும் தந்தது. இரண்டுக்கும் இடையே போனவை வள்ளங்கள். சம்மாந்துறை என்ற பெயரே சம்பான்கள் வந்தடைந்த துறை என்பதிலிருந்து பிறந்ததென்று சொல்லுவர். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். பிறகு தெருக்கள் வந்தன, பாலங்கள் வந்தன, வள்ளங்களின் வேலை குறைந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது வாவியின் தென்கோடி இப்பக்கமும் மற்றப் பெரும்பகுதி அப்பக்கமுமாயின. எங்கள் படகு எந்த இடத்தில் மாவட்டம் மாறியது என்பதைக் கவனிக்க நான் தவறிவிட்டேன். நீர்க்காகங்களும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் அரைமணி நேரம் என் மனைவி படகின் நடுப்பலகையில், இரண்டு கைகளாலும் பக்கங்களை இறுகப் பற்றியபடி, கால்மாட்டிலிருந்த தயிர்ச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டல்களும் கிண்ணை மரங்களும் கரையோரமாக நகர்ந்தன. தூரத்தில் துறைநீலாவணையின் தென்னைகள் தெரிந்தன. நான் பேச்சுக் கொடுத்தேன், விடை இல்லை. பெரியவரின் சொல்லை மறந்து இயந்திரத்தை இறக்கினேன். அதற்குரிய பலனும் உடனே கிடைத்தது. எவருடையதோ வலை சுழலியில் சிக்கிக்கொண்டது. நான் பின்புறம் குனிந்து கண்ணி கண்ணியாக விடுவிக்கையில் படகு காற்றில் திரும்பத் தொடங்கியது.

"கம்பை ஊண்டு!" என்று கத்தினேன்.

எழுந்து நின்றாள். ஊன்றுகோலைச் சேற்றில் குத்தி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படகை அசையாமல் பிடித்தாள். கால்மணி நேரம் அப்படியே நின்றாள். வலை அறுபடாமல் வந்தது. அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை. "உங்களுக்கு மெசினும் தெரியா, தண்ணியும் தெரியா" என்று சொல்லி, மண்டூர் வரை பெரும்பகுதி தூரத்தை அவளே ஊன்றினாள். மீனவன் மகள் என்பதை நான் மறந்திருந்தேன், அவளுந்தான்.

சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற மண்டூரின் துறையில் பாதையைக் கண்டோம். வெளியூர் வாசகர்கள் தெருவென்று மயங்க வேண்டாம். ஆளையும் மோட்டார்ச் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக் குருமண்வெளிக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. மண்முனையில் 2014இல் பாலம் வந்ததோடு அங்கிருந்த பாதை போய்விட்டது. இங்கே, நாங்கள் போன அன்று, பாடசாலைப் பிள்ளைகளும் ஒரு புதுமணத் தம்பதியும் இரண்டு நெல் மூட்டையும் அதில் கடந்துகொண்டிருந்தனர். பாலம் வேண்டுமென்பது பலரின் கோரிக்கை. நோயாளியோடு நள்ளிரவில் துறையில் காத்து நின்றவனிடம் பாதையின் அழகைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகள் நீருக்கு நடுவில் சிரித்த சிரிப்பு காதில் நிற்கிறது. மரநிழலில் படகைக் கட்டி, பிட்டும் மணலைக் குழம்பும் உண்டோம். தயிரைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அங்கிருந்து கல்லாற்றுக்குத் திருப்பச் சொன்னவள் அவள். வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் கடல் மணலைக் குவித்துத் தெற்கு வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கத் தொடங்கினால், அந்த மணலை வெட்டி நீரைக் கடலில் விடுவார்கள். வெட்டுவதற்கும் சச்சரவு உண்டு. விவசாயிக்குப் பயிர் அழுகுமுன் வெட்ட வேண்டும். மீனவனுக்கு, வெட்டினால் வாவி மீனெல்லாம் வெள்ளத்தோடு போய்விடுமோ என்ற அச்சம். ஆனால் திறந்த வாயினூடாகத்தான் கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் உள்ளே வருகின்றன.

அன்று வாய் அடைபட்டிருந்தது. படகை வாவிக்கரையில் கட்டிவிட்டு, பெருந்தெருவைக் கடந்து மணலில் நடந்தோம். மணல்மேட்டின் அடிவாரம் வந்ததும், "நீங்க இங்கயே நில்லுங்க" என்றாள். நின்றேன். அவள் தனியே ஏறினாள். உச்சியில் நின்ற அவளுடைய முதுகும், காற்றில் படபடத்த சேலையும்தான் எனக்குத் தெரிந்தன. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று நான் கணக்கிடவில்லை. கச்சான் எழுந்து மணல் கண்ணில் விழத் தொடங்கியிருந்தது.

இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தயிர் புளிச்சிரும். வாங்க போவம்" என்றாள்.

எதிர்க்காற்றில் கிட்டங்கிக்குத் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. பெரியவர் விளக்கோடு துறையில் காத்து நின்றார். எங்களைக் கண்டதும் என்னை நன்றாக ஏசினார். படகை அவர் வளவிலேயே விட்டு வந்திருக்கிறோம். ஆடி அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் மனைவி நேற்று நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் இம்முறையும் எதுவும் கேட்கவில்லை.