கணினி உலகில் கட்டிய வீடு: சுமை யாருக்கு?

என் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி விடுமுறைக்குப் பட்டணத்திலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தான். அங்குள்ள கணினியில், ஒரு விளையாட்டு உலகத்துக்குள் நம் தோட்டத்தையே கட்டிவிட்டான். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், பெரட்டுக்களம், செம்பனை மரங்கள் எல்லாம் அவன் கைவண்ணம். ஊர் திரும்பியதும் அப்பாவின் பழைய திறன்பேசியில் அதைத் திறந்து அம்மாவுக்குக் காட்ட முயன்றான். படம் உறைந்து நின்றது. பிறகு தானே அணைந்துபோயிற்று. "சார், நான் கட்டின வீட்டுக்குள்ள நானே போக முடியல" என்று என்னிடம் வந்து நின்றான்.

திரைப்படம் முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. நாம் ஓட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கணினி உலகமோ நாம் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் வரையப்படுகிறது. நொடிக்கு 30 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்தை வரைய நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமே உண்டு. அதற்குள் கண்ணில் படும் சுவர், கூரை, மரம் அனைத்தையும் நம் கருவி வரைந்தாக வேண்டும். ஆகவே, ஒருவர் கட்டியதன் சுமையை அங்கே வருகின்ற ஒவ்வொருவரின் கருவியும் சுமக்கிறது. பழைய லயங்களில் பல வீடுகளுக்கு ஒரே குழாய் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வீட்டுக்காரர் நான்கு தோம்புகளை வரிசையாக வைத்தால், கடைசி வீட்டில் உலை ஏறத் தாமதமாகும் அல்லவா?

இந்தப் பங்கீட்டை ஓர் உலகம் எப்படிச் சமாளித்தது என்று காண்போம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் 'செகண்ட் லைஃப்' என்னும் உலகைத் திறந்தது. அங்குள்ள வீடு, கடை, உடை யாவும் பெரும்பாலும் குடிபுகுந்தோரே செய்துகொண்டவை. பெட்டி, உருண்டை, உருளை போன்ற எளிய உருவங்களை ஒட்டி ஒட்டிக் கட்டினார்கள். அவற்றுக்குப் 'பிரிம்' என்று பெயர்.

தொடக்கத்தில், கட்டிய பொருள்களுக்கு அவ்வுலகப் பணத்தில் வரி விதித்தனர். அதிகச் சுமை வைப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது கேட்பதற்கு நியாயம்தான். ஆனால், பலரும் கண்டு களிக்கப் பெரிய கட்டடங்களை எழுப்பியவர்கள் தலையிலேயே அந்த வரி விழுந்தது. ஒன்றும் கட்டாமல் சுற்றிப் பார்த்தவருக்குச் செலவில்லை. அதே 2003இல் கட்டுவோர் கிளர்ந்தெழுந்தனர். வரியை எதிர்த்து 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதை நினைவூட்ட, தேயிலைப் பெட்டிகளைக் கணினியில் செய்து அடுக்கி வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வரி எடுக்கப்பட்டது.

அடுத்து வந்தது நிலக்கணக்கு. 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வட்டாரத்தில் 15,000 பிரிம்கள் வைக்கலாம் என்று வகுத்தனர். அப்படியானால் 512 சதுர மீட்டர் மனைக்கு எத்தனை? பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், 117 வரும். அந்த 117க்குள் சுவர், கதவு, நாற்காலி எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. இம்முறையிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நிலம் வாங்கப் பணமுள்ளவருக்கே கட்டும் உரிமையும் மிகுதியாகிறது. ஆயினும், அண்டை மனைக்காரர் என் 117இல் கைவைக்க முடியாதே!

எண்ணிக்கை வேறு, எடை வேறு. 2011இல், ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆன நுட்பமான உருவங்களுக்கும் அங்கு இடம் தரப்பட்டது. ஆகவே ஒரு பொருளை இணையவழி இறக்கும் அளவு, அது மற்றவற்றோடு மோதுவதைக் கணக்கிடும் வேலை, நிறுவனத்தின் கணினிக்கு அதனால் ஆகும் வேலை ஆகிய மூன்றில் எது பெரிதோ அதையே அதன் எடையாக வைத்தனர். ஒருவர் அணியும் உடையும் முடியும் மட்டும் மனைக்கணக்கில் சேரவில்லை. அலங்காரம் மிகுந்த சிலர் கூடினாலே எளிய கணினிகள் திணறின. 2016இல் அதற்கு வழி பிறந்தது: பார்ப்பவர் தம் கணினிக்கு ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம், அளவுக்கு மீறிய அலங்காரம் உள்ளவர் அவர் திரையில் மட்டும் ஒரே நிறப் பொம்மையாகத் தெரிவார். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வலுவில்லாத கணினி வைத்திருப்பவர் வெளியே போக வேண்டியதில்லை.

நம் மாணவனிடம் வருவோம். அவன் கட்டிய சுவர்கள் பாரமில்லை. அவற்றில் ஒட்டிய படங்களே பாரம். இருபது வீடுகளுக்குச் சுவருக்கொன்றும் கதவுக்கொன்றுமாக 40 தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றும் 1,024க்கு 1,024 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு படம் நினைவகத்தில் 4 மெகாபைட் இடம் பிடிக்கும். நாற்பதும் சேர்ந்து 160. பக்க அளவை 256 ஆகக் குறைத்தால் படம் ஒன்றுக்குக் கால் மெகாபைட் போதும், அதாவது பதினாறில் ஒரு பங்கு. மேலும், ஒரே சுவர்ப்படத்தை எல்லா வீடுகளுக்கும் பயன்படுத்தினால், கருவி அதை ஒருமுறை ஏற்றி வைத்தாலே போதும்.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். கோயில் கோபுரத்தின் படத்தை மட்டும் குறைக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான், நானும் விட்டுவிட்டேன். அன்று மாலை அப்பாவின் திறன்பேசியில் லயம் திறந்தது. அவன் அம்மா உள்ளே போய்த் தம் வீட்டு வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, நம்ம துணி காயப்போடும் கொடி எங்கே?" என்று கேட்டாராம். கொடிக்கு எத்தனை முக்கோணம் செலவாகும் என்று மறுநாள் காலையில் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.