வாங்குவது பொருளா, அனுமதியா?

கணினி விளையாட்டு இன்று நம் தோட்டப்புறச் சிறுவர்களையும் எட்டிவிட்டது. அண்மையில், செம்பனைக் குலை வெட்டும் தந்தையொருவர் நம்மிடம் வந்து, "ஐயா, மகன் கேட்டான் என்று பணம் கட்டினேன். பணம் போய்விட்டது, பொருள் எங்கே?" என்று வினவினார். பொருள் பொதிந்த அவ்வினாவிற்குரிய விடையைப் பெற்றோரும் மாணவரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு விளக்குகிறோம்.

கணினி விளையாட்டை இருவகையில் வாங்கலாம். ஒன்று, வட்டில் பதிந்து அஞ்சலில் வருவது. மற்றொன்று, இணையத்தின்வழி நேரே கணினியில் பதிவிறக்கம் செய்துகொள்வது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணைய அமைப்பைத் தொடங்கியபின், இரண்டாம் முறை படிப்படியாகப் பெருகிற்று.

பதிவிறக்கத்தில் அஞ்சற் செலவில்லை. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை. வட்டு கீறலுறும் என்ற அச்சமுமில்லை. ஆயினும், 50 கிகாபைட் அளவுள்ள விளையாட்டை விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்குவதற்கு 11 மணி நேரம் ஆகும். கைப்பேசியின் இணையத்தையே நம்பியிருக்கும் இல்லங்களுக்கு இது பெருஞ்சுமையன்றோ?

வட்டோ கையிலிருக்கும் பொருள். ஒருவர் கணக்கோடு பிணைக்கப்படாததாயின், அண்ணன் ஆடியபின் தம்பி ஆடலாம், வேண்டாதபோது விற்கலாம். பதிவிறக்கத்திலோ நமக்குக் கிட்டுவது பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதியே. இதனை விற்பனையாளர் வாங்குவோருக்குத் தெளிவாகக் கூறவேண்டுமென்னும் சட்டம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது.

எனினும், வட்டு இருந்தாலே போதும் என்று எண்ணுதலும் தவறு. பிரான்சு நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் விளையாட்டு, நிறுவனத்தின் கணினியோடு இணைந்தால் மட்டுமே இயங்கும். 2024 மார்ச் 31ஆம் நாள் அவ்விணைப்பு நிறுத்தப்பட்டது. பதிவிறக்கம் செய்தவரோடு வட்டு வாங்கியவரும் அன்றே அதனை இழந்தனர். மாறாக, போலந்து நாட்டின் 'ஜிஓஜி' விற்பனைத் தளத்தில் வாங்கும் விளையாட்டின் நிறுவற்கோப்பைத் தனியே சேமித்து, பின்னர் இணையமின்றியும் நிறுவிக்கொள்ளலாம்.

ஆகவே, வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு:

1. இணையமின்றி இது இயங்குமா?
2. பெட்டியினுள் முழு விளையாட்டும் உள்ளதா, குறியீட்டு எண் மட்டுமா?
3. நம் கணினியில் வட்டினை இயக்கும் கருவி உண்டா?
4. விற்றவர் கடையை மூடினால் நம்மிடம் எஞ்சுவது யாது?

அத்தந்தைக்கு நாம் கூறிய விடை இதுவே: "நீங்கள் வாங்கியது பொருளன்று, அனுமதி." மாணவச் செல்வங்களே! பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். அப்பணத்தை ஈட்ட உங்கள் பெற்றோர் விடியுமுன் எழுந்து உழைத்திருக்கின்றனர். ஆதலின், பெற்றோருடன் கலந்து, வினவித் தெளிந்து வாங்குவீர்களாக!