வளரிளம் பருவ மனச்சோர்வு: காதுகொடுக்க ஒரு ஆள் வேண்டும்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். தலைவலி என்று பள்ளிக்கு மட்டம் போடுகிறான், ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. விடியும் முன் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்கு இது திமிராகத்தான் தெரியும். காத்துக்கருப்பு அடித்திருக்கும், தாயத்து கட்டு என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது நோயாக இருக்கலாம் என்று சொல்ல யாரும் இருப்பதில்லை.

பார்த்தால் சோகமாகத் தெரியாது

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நினைக்கிறோம். வளரிளம் பருவத்தில் அது எரிச்சலாகவும் அடிக்கடி வரும் வயிற்றுவலியாகவும் வெளிப்படுவதுண்டு. பிடித்த விளையாட்டில் ஆர்வம் போய்விடும், பசியும் தூக்கமும் மாறும், பாடத்தில் மனம் நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உலகில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

வறுமை என்ன செய்கிறது?

மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் அது தற்கொலை வரை கொண்டுபோகலாம். 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் மாணவர்கள் 13,044. ஒவ்வொரு தேர்வு முடிவின்போதும் மதிப்பெண்தான் காரணம் என்று பேசி முடித்துவிடுகிறோம். ஆனால் இறந்த அனைவரிலும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைந்த வருமானம் உள்ளவர்கள். அதை யாரும் பேசுவதில்லை.

ஒற்றை அறை வீட்டில் தனியாக அழக்கூட இடம் கிடையாது. அப்பாவின் குடி, வட்டிக்காரர் வாசலில் போடும் சத்தம், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போ என்கிற பேச்சு எல்லாமே பிள்ளையின் காதில் விழுகிறது. பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். சென்னையின் நடுவிலிருந்து புறநகரிலுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குக் குடும்பம் மாற்றப்படும்போது பழைய பள்ளியும் சிநேகிதர்களும் தூரமாகிவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் தனியாக ஒரு உயிரைப் பறிப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, தான் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் பிள்ளையிடம் வேர்விடுகிறது. "நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு செலவு மிச்சம்" என்று பிள்ளை சொன்னால், கோபத்தில் உளறுவதாகத் தள்ளிவிடக் கூடாது.

இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தபோது தற்கொலைகள் சுமார் 18 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. உதவித்தொகையும் ரேஷனும் மனநலத் திட்டங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வாய்விட்டுக் கேளுங்கள்

"செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். பதில் வரும்போது குறுக்கே பேச வேண்டாம். உன் வயசில் நாங்கள் பட்ட கஷ்டம் தெரியுமா என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆம் என்று சொன்னால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். இந்த எண்ணத்தின் தீவிரம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரண்டு கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகளின் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பெட்டிகளில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தது. அங்கே பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் குறைந்தன.

பீகார் காட்டிய வழி

நம்மிடம் போதுமான மனநல மருத்துவர்கள் இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்பதை பீகாரின் நாலந்தா மாவட்டம் காட்டியது. அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற மாணவர் நலத் திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் மனநல நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அதை நடத்தினார், வேறு சிலவற்றில் ஆசிரியரே நடத்தினார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர்களின் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. இந்த முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. பாடச்சுமையில் மூச்சுத்திணறும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டுவது தீர்வல்ல என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் இதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும்.

எங்கே போவது?

அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிறார் உதவி எண் 1098 உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். முதல் தடவை பிள்ளைக்குப் பிடித்த அத்தையோ அண்ணனோ கூடப் போவது நல்லது.

முயற்சி செய்து பிழைத்த பிள்ளையை, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பது அரசின் கடமை. தயங்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.