சாப்பிட மறுப்பது பிடிவாதமா, நோயா? மரபணுவும் சூழலும் தரும் விடை

மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒருவர் பல வாரங்களாக ஓய்வு நேரத்தில் உணவைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் "பிடிவாதம்" என்பார்கள். நண்பர்கள் "டயட்டில் இருக்கிறாள்" என்பார்கள். ஆனால், உடல் மெலிந்து, எந்நேரமும் உணவையும் உடல் எடையையும் பற்றிய கவலையே மனத்தை நிறைத்திருந்தால், அது நோயாக இருக்கலாம். இதற்கு உண்ணுதல் கோளாறு என்று பெயர்.

இதில் பல வகைகள் உண்டு. உடலுக்குத் தேவையான அளவுகூட உண்ணாமல் மெலிவது அனோரெக்சியா நெர்வோசா. கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு, பின்னர் அதை ஈடுகட்ட உடலை வருத்திக்கொள்வது புலிமியா நெர்வோசா. பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண்களுக்கும் இவை வருகின்றன.

இந்நோய் எதனால் வருகிறது? இதற்கு விடை தேட ஆய்வாளர்கள் முதலில் இரட்டையர்களை ஆராய்ந்தனர். ஒரு கரு இரட்டையர்களின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுமையாக ஒத்திருக்கும். இரு கரு இரட்டையர்களிடம் சராசரியாகப் பாதி அளவே ஒத்திருக்கும். இரு வகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கின்றனர். ஒருவருக்கு அனோரெக்சியா இருந்தால் மற்றவருக்கும் அது வருவது ஒரு கரு இரட்டையர்களிடமே அதிகம் எனத் தெரிந்தது. ஆகவே மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு.

எந்த மரபணு என்பதே அடுத்த கேள்வி. 2019-இல் பல நாட்டு அறிவியலாளர்கள் கூட்டாக ஓர் ஆய்வை வெளியிட்டனர். அனோரெக்சியா கண்ட 16,992 பேரின் மரபணுத் தொகுதியை, அந்நோய் இல்லாத 55,525 பேரின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டனர். நோயோடு தொடர்புடைய 8 இடங்கள் தெரியவந்தன. அதோடு, மனநலத்தோடு தொடர்புடைய மரபணுக் கூறுகள் மட்டுமின்றி, உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடு தொடர்புடைய கூறுகளும் இந்நோயில் பங்கு வகிப்பதாகத் தெரிந்தது. அப்படியானால் இது மனத்தை மட்டும் சார்ந்த நோயன்று. உடலின் வளர்சிதை மாற்றத்தையும் சார்ந்தது.

நம் வட்டாரத்துச் செம்பனையைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். செம்பனைப் பழத்தின் ஓடு தடிப்பாக இருக்குமா, மெல்லியதாக இருக்குமா என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிவியலாளர்கள் 2013-இல் அதைக் கண்டறிந்து அறிவித்தனர். ஆனால், ஒரு மரம் எத்தனை குலை தள்ளும் என்பதை ஒரு மரபணு சொல்லிவிடாது. பல மரபணுக்களோடு மழை, மண், உரம் எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. உண்ணுதல் கோளாறு ஓட்டைப் போன்றதன்று, குலையைப் போன்றது.

மழைக்கும் மண்ணுக்கும் ஈடாக இங்கே எதைச் சொல்லலாம்? பீஜித் தீவில் நடந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. அங்கே கட்டான உடலே அழகு என்று காலங்காலமாகக் கருதப்பட்டது. 1995-இல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் 1998-இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார். கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்தனர். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் மாணவிகளே பங்கேற்றதால், தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது. எனினும், சூழல் மாறும்போது உடலைப் பற்றிய எண்ணமும் மாறலாம் என்பதை இது காட்டியது. அதே வேளையில், ஒரே தொலைக்காட்சியைப் பார்த்த எல்லாரும் பாதிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆசிய நாடுகளில் இந்நோய் வேறு முகத்தோடும் வரும். ஹாங்காங்கில் மருத்துவர் சிங் லீயும் அவருடைய குழுவினரும் 70 அனோரெக்சியா நோயாளிகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குண்டாகிவிடுவோமோ என்ற அச்சமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பன போன்ற காரணங்களையே கூறினர். "குண்டாக பயமா?" என்று மட்டும் கேட்டால் இத்தகையோர் கணக்கில் வராமலே போய்விடுவர். 1990-களில் சென்னையிலும் மனநல மருத்துவர்கள், நம் பண்பாட்டுக்கு ஏற்ற வினாக்கள் தேவை என்று கருதி, மருத்துவ மாணவர்களிடையே ஆய்வு நடத்தினர்.

மரபணு பாதி, சூழல் பாதி என்று ஒரு தனி மனிதரைக் கூறுபோட முடியாது. அந்தக் கணக்கு ஒரு பெருங்கூட்டத்தில் காணும் வேறுபாட்டுக்கே பொருந்தும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. பெற்றோரின் வளர்ப்பையோ, பிள்ளையின் குணத்தையோ குறை கூறுவதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை.

மரபணுவை நாம் மாற்ற முடியாது. சூழலில் நமக்குப் பங்குண்டு. "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற கேலியும் பிறருடைய சூழலே. அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. உங்களுக்கோ நண்பருக்கோ இத்தகைய அறிகுறி இருந்தால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தையும் நாடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555. இது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். விரைவில் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடும்.